ஆய்வுக் கப்பலில் வானிலை நோக்குதல்: முதன்முறையாகக் கடலேறும் மாணவர்களுக்கு

சென்னைத் துறைமுகத்திலிருந்து வங்காள விரிகுடாவுக்குப் புறப்படும் ஆய்வுக் கப்பலில் இடம் கிடைத்த மாணவர்களுக்கு ஒப்படைக்கப்படும் வேலைகளுள் ஒன்று, குறித்த நேரங்களில் மேல்தளத்துக்குச் சென்று காற்று, அழுத்தம், வெப்பம், மேகம், அலை ஆகியவற்றை நோக்கிப் பதிவேட்டில் எழுதுவதாகும். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் சாகர் நிதி, 1983 முதல் கடலோடிய சாகர் கன்யா, கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் சிந்து சாதனா ஆகிய கப்பல்களில் எதில் ஏறினாலும் இந்த வேலையின் முறை ஒன்றுதான். கொடிமரத்தின் உச்சியில் தானியங்கி வானிலை நிலையம் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும்போது மனிதர் ஏன் நோக்க வேண்டும் என்று கேட்கலாம். மேகத்தின் வகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அலைக் கூட்டங்களையும் அந்தக் கருவி பிரித்தறியாது. உணர்கருவியின்மேல் உப்புப் படிந்து அது தவறாகக் காட்டத் தொடங்கினால் அதைக் கண்டுபிடிக்கவும் மனிதரின் தனிப் பதிவு வேண்டும். கடலின் நடுவில் தவறவிட்ட ஒரு நேரத்தின் வானிலையைப் பிறகு எந்த நிலையத்திடமும் கேட்டுப் பெற முடியாது, ஏனெனில் சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்கு வேறு நோக்குநர் இருப்பதில்லை. ஆகவே கப்பலில் உண்பது, உறங்குவது, குளிப்பது எல்லாவற்றையும் நோக்கு நேரங்களுக்கு ஏற்பவே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேரமும் நாளொழுங்கும்

உலகெங்கும் கப்பல்கள் வானிலை நோக்கும் முதன்மை நேரங்கள் உலகப் பொது நேரப்படி 00, 06, 12, 18 மணியாகும். இந்திய நேரத்தில் இவை காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. கப்பல்கள் ஒரே முறையில் வானிலையைக் குறித்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு 1853-ஆம் ஆண்டு பிரசெல்சில் நடந்த மாநாட்டில் உருவானது. அதற்கு முன்னின்று உழைத்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ மோரி. ஒரே கணத்தில் எடுத்த நோக்குகளைக் கொண்டே வானிலை வரைபடம் உருவாவதால், பத்து நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் பரவாயில்லை என்று எண்ணக் கூடாது. கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்துக்கொண்டு, பதிவேட்டில் மட்டும் உலகப் பொது நேரத்தை எழுதுவது நல்லது. இந்திய நேரத்தில் காலை 5.30-க்கு முன் எடுத்த நோக்கு, உலகப் பொது நேரப்படி முந்தைய நாளுக்குரியது என்பதை மறந்து தேதியை மாற்றி எழுதிவிடும் பிழை மிகப் பரவலானது. பதிவேட்டின் உள்ளட்டையில் இரு நேரங்களையும் அருகருகே எழுதி ஒட்டிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

கப்பலில் பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் அறை) அதிகாரிகளும் மாலுமிகளும் வழக்கமாக நான்கு மணி நேரம் பணி, எட்டு மணி நேரம் ஓய்வு என்ற வாட்ச் முறையில் இயங்குவார்கள்; ஆய்வாளர்களும் பெரும்பாலும் அதையோ, பன்னிரண்டு மணி நேரப் பணி முறையையோ பின்பற்றுவார்கள். நள்ளிரவு 12 முதல் 4 வரையிலான வாட்ச் கிடைத்தவர் மாலை உணவை முடித்ததும் உறங்கிவிட்டு, இரவு 11 மணிக்கு எழுந்து 11.30 நோக்கையும் தானே எடுத்துவிட்டுப் பணிக்குச் செல்வது உடலுக்கு எளிது. மதிய உணவு பரிமாறப்படும் நேரமும் 11.30 நோக்கும் பல கப்பல்களில் மோதிக்கொள்ளும். சமையற்கட்டில் உள்ளவர்களிடம் முதல் நாளே பணிவாகச் சொல்லிவைத்தால் உணவை எடுத்துவைப்பார்கள். கப்பலில் முதலில் நட்பு கொள்ள வேண்டியவர்கள் அவர்களும் மேல்தள மாலுமிகளின் தலைவரான போசனும்தான்.

முதல் மூன்று நாட்கள்

கடல் மயக்கம் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். அதற்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, குமட்டல் தொடங்கிய பிறகு அல்ல, கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்குவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிறு மயக்கத்தைக் கூட்டும். ஆகவே ரொட்டி, பிஸ்கட், தயிர் சாதம் போன்ற எளிய உணவைச் சிறிது சிறிதாக உண்ணலாம். ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது கப்பலின் நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்கு அருகிலுள்ள தளங்களில். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதைவிடத் தொடுவானத்தை நோக்கி நிற்பது உடலைத் தேற்றும், அந்த வகையில் வானிலை நோக்கும் வேலையே ஒரு மருந்தாக அமைகிறது. படுக்கையிலிருந்து உருண்டு விழாமலிருக்க, உயிர்காப்பு மேலாடையை மெத்தையின் வெளிவிளிம்புக்கு அடியில் செருகி, சுவர்ப்பக்கம் சரிவாக்கிப் படுப்பது மாலுமிகள் கடைப்பிடிக்கும் பழைய வழக்கம்.

முதல் நாளே நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை முழு மனத்துடன் கவனிக்க வேண்டும். ஏழு குறுகிய ஒலியும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், எந்த நோக்கில் ஈடுபட்டிருந்தாலும் அதை விட்டுவிட்டு, உயிர்காப்பு மேலாடையுடன் உங்களுக்கெனக் குறிக்கப்பட்ட கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். மேல்தளத்தில் நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருக்க வேண்டும். ஆகவே பதிவேடு, எழுதுகோல், கைவிளக்கு மூன்றையும் கழுத்திலோ தோளிலோ தொங்கும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் கனத்த இரும்புக் கதவுகள் ஆட்டத்தில் தாமே அடித்துச் சாத்திக்கொள்ளும். கதவின் விளிம்பில் விரல்களை வைக்காமல் கைப்பிடியை மட்டுமே பிடிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். இரவில் வெளித்தளத்துக்குப் போவதற்கு முன் பிரிட்ஜுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவதும், திரும்பியதும் மறுபடி சொல்வதும் கட்டாயம்.

நன்னீர் கடல்நீரிலிருந்தே கப்பலில் தயாரிக்கப்படுவதால் குளியலையும் துணி துவைப்பதையும் அளவாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் எதையும் எந்தக் கடலிலும் எறிவதைப் பன்னாட்டுச் சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது. பலூன் உறை, மின்கல உறை, நூல் துண்டு அனைத்தும் பையில் சேர்ந்து கரைக்குத் திரும்ப வேண்டும்.

காற்று

நோக்குகளில் அதிகப் பிழை நேர்வது காற்றில்தான் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்கிக் கற்க வேண்டும். ஓடும் கப்பலின் கொடிமரத்திலுள்ள காற்றுமானி காட்டுவது உண்மைக் காற்றை அன்று. கப்பலின் ஓட்டமும் காற்றும் சேர்ந்த தோற்றக் காற்றையே அது காட்டுகிறது. கப்பல் வடக்கு நோக்கி 10 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் செல்லும்போது நேர் எதிரே 25 நாட் காற்று வீசுவதாகக் கருவி காட்டினால், உண்மையில் வடக்கிலிருந்து வீசுவது 15 நாட் காற்று மட்டுமே. அதே கப்பலுக்கு வலப்புறமிருந்து, அதாவது நேர் கிழக்கிலிருந்து, 10 நாட் வருவதாகத் தோன்றினால் உண்மைக் காற்று தென்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 14 நாட் வேகத்தில் வீசுகிறது. இந்தக் கணக்கைக் கணினி தானே செய்துவிடும் என்றாலும், தாளில் இரண்டு அம்புகளை வரைந்து சில முறையாவது கையால் செய்து பார்த்தவரே, கப்பல் திரும்பியவுடன் கணினி காட்டும் காற்றும் திரும்பிவிட்டால் உள்ளே ஏதோ கோளாறு என்று உடனே உணர்வார். காற்று கப்பலைப் பொறுத்து மாறாது. கப்பல் திசை மாறும் ஒவ்வொரு முறையும் உண்மைக் காற்று மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே காற்றுமானியைச் சோதிக்கும் மிகச் சிறந்த வழி.

காற்று கப்பலின் பின்புறமிருந்து வீசும்போது மேற்கட்டுமானம் அதைத் தடுத்துத் திருப்பிவிடுவதால் அந்த அளவீடுகளை அப்படியே நம்பக் கூடாது. கருவி இருக்கும் உயரமும் முக்கியம். கடலில் காற்றை 10 மீட்டர் உயரத்துக்குக் குறித்துச் சொல்வதே மரபு. 30 மீட்டர் உயரத்திலுள்ள காற்றுமானி சாதாரண நிலையில் அதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். இரு கருவிகள் இருந்தால், எதன் அளவீட்டை எழுதினீர்கள் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

கருவியைப் பார்ப்பதற்கு முன் கடலைப் பார்த்துக் காற்றின் விசையை மதிப்பிட்டு எழுதிவிடுவது நல்ல பழக்கம்; கருவி எண்ணைக் கண்ட பிறகு கண் அதற்கு ஏற்பவே பார்க்கத் தொடங்கிவிடும். கடலின் தோற்றத்தைக் கொண்டு காற்றின் விசையை எண்ணால் குறிக்கும் போஃபர்ட் அளவில் விசை 3 என்றால், 7 முதல் 10 நாட் வரை, அலை முகடுகள் உடையத் தொடங்கி அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரியும். விசை 4-இல், 11 முதல் 16 நாட் வரை, வெண்ணுரை அடிக்கடி தோன்றும். விசை 6-இல் பெரிய அலைகள் உருவாகி எங்கும் வெண்ணுரை முகடுகள் பரவும், நீர்த்துளிகளும் சிதறும். விசை 7-ஐ எட்டினால் நுரை காற்றின் திசையில் நீண்ட கோடுகளாக இழுபடத் தொடங்கும். விசை 8 என்பது 34 முதல் 40 நாட் வரையிலான காற்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு சுழற்சியைப் புயல் என்று அழைக்கத் தொடங்குவதும் 34 நாட்டிலிருந்துதான். காற்று எழுந்த உடனேயே கடல் எழுந்துவிடாது, காற்று அடங்கிய உடனேயே கடல் அடங்கிவிடவும் செய்யாது. கனமழை அலைகளைத் தட்டையாக்கும். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் செங்குத்தாகி, காற்று உள்ளதைவிட வலியதாகத் தோன்றும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

அழுத்தம்

குறித்த மணிக்குச் சரியாகப் படிக்க வேண்டியது காற்றழுத்தமானியை. மற்றவற்றை அதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் முடித்துவிடலாம். அளவை 0.1 ஹெக்டோபாஸ்கல் வரை எழுத வேண்டும். கருவி பிரிட்ஜில், நீர்மட்டத்திலிருந்து 15 மீட்டர் உயரத்தில் இருந்தால், வெப்பமண்டலக் காற்றில் ஏறத்தாழ 1.7 ஹெக்டோபாஸ்கலைக் கூட்டினால்தான் கடல்மட்ட அழுத்தம் கிடைக்கும். எரிபொருள் தீரத் தீரக் கப்பல் உயர்ந்து மிதக்கும் என்பதால் இந்த உயரம் பயணத்தின் நடுவில் சிறிது மாறும்.

வங்காள விரிகுடாவில் நாள்தோறும் அழுத்தம் தானாகவே ஏறி இறங்குகிறது. காலை 10 மணி அளவிலும் இரவு 10 மணி அளவிலும் அது உச்சத்தைத் தொடும். அதிகாலை 4 மணி அளவிலும் மாலை 4 மணி அளவிலும் தாழும். இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கலாம். இதை அறியாதவர் முற்பகல் நோக்கையும் மாலை நோக்கையும் ஒப்பிட்டு, அழுத்தம் இரண்டரை குறைந்துவிட்டது, புயல் வருகிறது என்று கலங்குவார். அறிந்தவர் நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்று பார்ப்பார். ஆகவே பதிவேட்டில் இருபத்துநான்கு மணி நேர வேறுபாட்டுக்கென ஒரு தனி நெடுவரிசை போட்டுவைக்க வேண்டும். அந்தக் காலத்துக்கும் அந்த மணிக்கும் இயல்பான அளவிலிருந்து அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் தாழ்ந்தால் ஐயம் கொள்ள வேண்டும் என்பதும், 5 தாழ்ந்தால் அருகில் வெப்பமண்டலச் சுழற்சி இருப்பதைப் பெரும்பாலும் உறுதியாகக் கொள்ளலாம் என்பதும் மாலுமிகளின் கைநூல்கள் வழங்கும் விதி. வழக்கமான அந்த நாளேற்ற இறக்கமே மறைந்து, வரைகோடு ஒரே சரிவாக இறங்கத் தொடங்குவது அதைவிடத் தெளிவான அறிகுறி.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வங்காள விரிகுடாவில் பயணம் செய்வோர் இன்னொரு விதியையும் நினைவில் கொள்ள வேண்டும். வட அரைக்கோளத்தில் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றால், சுழற்சியின் மையம் உங்கள் வலக்கைப் பக்கத்தில், நேர் வலத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். மையம் நெருங்கும்போது காற்றின் திசை வலஞ்சுழியாக நகர்கிறதா, இடஞ்சுழியாக நகர்கிறதா என்பது கப்பல் புயலின் பாதைக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும். இந்த முடிவுகளை எடுப்பவர் கேப்டன்தான். ஆனாலும் வழக்கமான நேரங்களில் மட்டும் எடுக்கும் நோக்கை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கத் தொடங்கி, பிரிட்ஜில் உடனுக்குடன் சொல்வது நோக்குநரின் கடமை.

வெப்பம், ஈரம், கடல்மட்ட வெப்பநிலை

உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பநிலைமானிகளைக் காற்று வரும் பக்கத்தில், கப்பலின் உடலைத் தொடாத காற்றில் பிடித்துப் படிக்க வேண்டும். புகைபோக்கி, சமையற்கட்டின் காற்றுக்குழாய், வெயிலில் காய்ந்த இரும்புத் தளம் இவற்றின்மேல் வந்த காற்றில் எடுத்த அளவு பயனற்றது. ஈரக் குமிழின் துணியில் உப்புத்துளி படிந்தால் நீர் ஆவியாவது குறைந்து, கருவி உள்ளதைவிட உயர்ந்த வெப்பநிலையைக் காட்டும். அதனால் காற்றின் ஈரப்பதம் பொய்யாகக் கூடிவிடும். வாலைவடித்த நீரை மட்டுமே பயன்படுத்தி, நீர்த்துளி தெறித்த நாட்களில் துணியை உடனே மாற்றிவிடுங்கள்.

கடல்மட்ட வெப்பநிலையை இரண்டு வழிகளில் அளக்கலாம். கப்பலின் அடியில் சில மீட்டர் ஆழத்தில் நீரை உள்ளிழுக்கும் குழாயிலுள்ள உணர்கருவி ஒரு வழி. வாளியை இறக்கி மேல்நீரை மொண்டு அளப்பது மற்றொன்று. காற்றில்லாத வெயில் நாளின் பிற்பகலில் மேற்பரப்பு அடியிலுள்ள நீரைவிட ஒரு பாகைக்கு மேலும் சூடாக இருக்கலாம் என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; எந்த வழியில் அளந்தது என்று எழுதினால் போதும். வாளியைக் கப்பலின் கழிவுநீர் வெளியேறும் இடத்துக்கு முன்னால், ஓட்டம் குறைவாக இருக்கும்போது இறக்க வேண்டும். நிழலில் வைத்து ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடுவதும் அவசியம்.

வங்காள விரிகுடாவில் இந்த ஒரு பாகை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகிய ஆறுகளும் பருவமழையும் கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய படலமாகப் பரவி, கீழேயுள்ள உப்பு நீருடன் எளிதில் கலக்காமல் நிற்கிறது. அந்தப் படலம் விரைவில் சூடேறி, மேலெழும் காற்றுக்கு வெப்பத்தையும் ஈரத்தையும் தந்து புயலுக்கு ஊட்டமாகிறது. மழை பெய்து முடிந்த உடனே கடல்மட்ட வெப்பமும் உப்பளவும் எவ்வளவு மாறின என்பதை அரை மணிக்கு ஒருமுறை குறித்துவைத்தால், நோக்கு நேரம் அல்லாவிட்டாலும் அந்தப் பதிவு ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

மேகமும் தொலைத்தெரிவும்

வானத்தை எட்டுப் பங்காகக் கொண்டு எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். மூடுபனியாலோ மழையாலோ வானமே தெரியாவிட்டால் 9 என்று எழுதுவது மரபு. இரவில் வெளிச்சமான அறையிலிருந்து வெளியே வந்ததும் எழுதத் தொடங்காமல், கண் இருளுக்குப் பழகும்வரை சில நிமிடங்கள் காத்திருந்து, எந்தப் பகுதியில் விண்மீன்கள் மறைந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மேகத்தின் அடித்தள உயரத்தை ஒப்பிட மலையோ கோபுரமோ கடலில் இல்லை. குவிமேகங்களுக்கு மட்டும் ஓர் எளிய கணக்கு உண்டு: காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலை வெப்பத்தை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) கழித்து, வரும் ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர் என்று கொள்ளலாம். வெப்பநிலை 29, பனிநிலை 25 என்றால் அடித்தளம் ஏறத்தாழ 500 மீட்டர்.

நீர்மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் தொடுவானம் 8 கடல் மைலுக்குச் சற்று அப்பால் இருக்கும். தொடுவானக் கோடு கூர்மையாகத் தெரிந்தால் தொலைத்தெரிவு குறைந்தது அவ்வளவு உண்டு. அருகில் வரும் கப்பல் கண்ணுக்கு முதலில் தெரியும் கணத்தில் ரேடாரில் அதன் தூரத்தைப் பிரிட்ஜில் கேட்டறிவது இன்னும் நம்பகமான வழி.

அலை

அங்கேயே வீசும் காற்றால் எழும் அலையையும், தொலைவிலிருந்து வரும் ஸ்வெல் என்னும் நெடிய அலையையும் பிரித்து எழுத வேண்டும். முன்னது காற்றின் திசையிலேயே செல்லும், குறுகியது, முகடு கூர்மையானது. பின்னது வேறு திசையிலிருந்தும் வரலாம், நீண்டது, முதுகு வழுவழுப்பானது. தென்துருவப் பெருங்கடலின் புயல்கள் எழுப்பும் ஸ்வெல் பல நாட்கள் பயணம் செய்து, காற்றே இல்லாத நாளில் வங்காள விரிகுடாவை வந்தடைவதுண்டு. நம் தென்கரையிலும் கேரளக் கரையிலும் கள்ளக்கடல் என்று சொல்லப்படும் திடீர்க் கடலேற்றத்துக்குக் காரணம் அதுவே.

அலைநேரத்தை அளக்க, கப்பலிலிருந்து சற்றுத் தள்ளி மிதக்கும் நுரைத் திட்டு ஒன்றைத் தேர்ந்து, அது ஒரு முகட்டின் உச்சிக்கு ஏறிய கணத்திலிருந்து அடுத்த முகட்டுக்கு ஏறும்வரை நொடிகளை எண்ண வேண்டும். அலைகள் கூட்டமாக வரும் என்பதால், கூட்டத்தின் நடுவிலுள்ள நன்கு உருவான அலைகளையே எடுத்துக்கொண்டு, குறைந்தது பத்து அளவீடுகளின் சராசரியை எழுத வேண்டும். உயரத்தை அளக்கப் பழைய மாலுமிகளின் வழியைவிட எளியது இல்லை: கப்பல் அலைத்தாழ்வில் நிமிர்ந்து நிற்கும் கணத்தில், நெருங்கி வரும் முகடு தொடுவானக் கோட்டோடு ஒன்றித் தெரியும்வரை தளம் தளமாக ஏறியோ இறங்கியோ பார்க்க வேண்டும், அப்போது நீர்க்கோட்டிலிருந்து உங்கள் கண் இருக்கும் உயரமே அலையின் உயரம். மிக உயரமான தளத்திலிருந்து வெறும் கண்ணால் மதிப்பிட்டால் அலை சிறியதாகவே தெரியும். காற்று மென்மையாக இருக்க, புதிய திசையிலிருந்து நீண்ட ஸ்வெல் வரத் தொடங்கினால் அதைத் தனியாகக் குறித்துப் பிரிட்ஜில் சொல்லுங்கள். புயலின் காற்று வருவதற்கு முன் அதன் அலை வந்துவிடும்.

பலூனும் ஆழ்நீர் வேலையும்

பலூன் ஏற்றும் பயணங்களில் ரேடியோசோண்டை, அதாவது பலூனில் தொங்கி மேல்காற்றை அளந்து வானொலியில் அனுப்பும் கருவியை, நோக்கு நேரத்துக்கு அரை மணி முதல் முக்கால் மணி முன்னதாகவே விட வேண்டியிருக்கும், ஏனெனில் நொடிக்கு 5 மீட்டர் ஏறும் பலூன் 30 கிலோமீட்டரை எட்ட 100 நிமிடங்கள் எடுக்கும். கப்பலில் ஹைட்ரஜனைவிட ஹீலியமே பாதுகாப்பானது. காற்றின் மறைவில் நிரப்பி, பலூனின் தோலை நகமோ மோதிரமோ கீறாமல் பார்த்துக்கொண்டு, விடும் நேரத்தைப் பிரிட்ஜுக்குப் பத்து நிமிடம் முன்பே சொல்ல வேண்டும். பலூன் கொடிமரத்திலோ கம்பிகளிலோ சிக்காதபடி கேப்டன் கப்பலைத் திருப்பித் தருவார். புறப்படும் கணத்தின் தரைநிலை அளவுகளை உங்கள் பதிவேட்டிலிருந்தே மென்பொருளில் இட வேண்டும். 1999 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வங்காள விரிகுடாவின் பருவமழையைப் பற்றி நடந்த பாப்மெக்ஸ் ஆய்வில் சாகர் கன்யாவிலிருந்து இப்படி விட்ட பலூன்களால்தான், பெருமழை ஒன்றுக்குப் பின் வளிமண்டலத்தில் மேலெழுச்சிக்கான ஆற்றல் வெகுவாகக் குறைந்து, ஓரிரு நாட்களுக்குள் மீண்டும் நிரம்பிவிடுகிறது என்பது தெரிந்தது. அந்த ஓரிரு நாட்களில் உறக்கத்துக்காகச் சில பலூன்களை ஏற்றாமல் இருந்திருந்தால் மாற்றம் நிகழ்ந்த தடமே கிடைத்திருக்காது.

கப்பல் ஓர் இடத்தில் நின்று, ஆழத்துக்கு ஆழம் நீரின் உப்பளவையும் வெப்பத்தையும் அளக்கும் சிடிடி கருவியை இறக்கும் நாட்களில் நாளொழுங்கு முழுவதும் மாறும். நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் 2000 மீட்டர் இறங்கி, வழியில் நீர் மாதிரி பிடிக்கும் நிஸ்கின் குப்பிகளை மூடிக்கொண்டு திரும்ப இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். கருவி மேலே வந்ததும் நீர் பிடிக்க எல்லாக் கைகளும் தேவைப்படும். அந்த நெருக்கடியில் வானிலை நோக்கு விடுபட்டுவிடாமலிருக்க, ஒவ்வொரு நோக்குக்கும் பொறுப்பானவர் பெயரையும் மாற்றாளின் பெயரையும் ஆய்வுக்கூடப் பலகையில் முந்தைய இரவே எழுதிவைக்க வேண்டும். கருவியின் கம்பியைச் சுற்றி இறக்கியேற்றும் வின்ச் இயங்கும்போது பின்தளத்தில் தலைக்கவசமும் உயிர்காப்பு மேலாடையும் இன்றி யாரும் நிற்கக் கூடாது. இழுபட்ட கம்பியின் நேர்க்கோட்டில் ஒருபோதும் நிற்கக் கூடாது.

பதிவும் அனுப்புதலும்

பதிவேட்டில் பிழையை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகே சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். எடுக்காத நோக்கை முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கொண்டு நிரப்புவது மன்னிக்கத் தக்கதன்று. வெற்றிடம் ஆய்வாளரை ஏமாற்றாது, கற்பனை எண் ஏமாற்றும். நோக்குகளை எண்களாக்கிக் கரைக்கு அனுப்பும் குறியீட்டுச் செய்தியில், இல்லாத அளவுக்குச் சாய்கோடு இடும் வழி இதற்காகவே இருக்கிறது.

செய்தியை இயற்றும்போது இருப்பிடத் தொகுதிகளை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். வட அட்சம் 13.2, கிழக்குத் தீர்க்கம் 84.6 என்றால் 99132 10846 என்று வரும். இரண்டாம் தொகுதியின் முதல் எண்ணான 1, வடக்கு-கிழக்குக் கால்பகுதியைக் குறிக்கிறது. அந்த ஓர் எண் தவறினால் கப்பல் உலகின் மறுபக்கத்தில் இருப்பதாக வரைபடத்தில் விழுந்து, நோக்கு முழுவதும் ஒதுக்கப்படும். காற்று கருவியால் அளக்கப்பட்டதா, கடலைப் பார்த்து மதிப்பிடப்பட்டதா என்பதைக் காட்டும் எண்ணையும் ஒவ்வொரு முறையும் பார்த்தே இடுங்கள்: நாட் அலகில் அளந்ததற்கு 4, மதிப்பிட்டதற்கு 3.

துறைமுகம் திரும்புவதற்கு முந்தைய நாள், உணர்கருவிகளை நன்னீரால் கழுவித் துடைத்து, ஒவ்வொரு கருவியும் நீர்மட்டத்திலிருந்து இருந்த உயரம், வைக்கப்பட்ட இடம், கடைசியாக ஒப்பிட்டுச் சரிபார்த்த தேதி ஆகியவற்றைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். காற்றழுத்தமானியைக் கரையிலுள்ள துறைமுக வானிலை அலுவலகத்தின் கருவியுடன் ஒப்பிடும் வாய்ப்பு சென்னையில் உண்டு. அந்த ஒப்பீட்டில் கிடைத்த வேறுபாட்டையும் அதே பக்கத்தில் சேர்த்து, பதிவேட்டின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தலைமை ஆய்வாளரிடம் ஒப்படைத்த பிறகே கப்பலை விட்டு இறங்க வேண்டும்.